பிலிப் லான்சானாவின் ஒரே சாட்சி

எழுத்துத் துறையில் எவ்வித முன்அனுபவமும் அற்ற நான் இதனை எழுதத் துணிந்தமைக்காக வாசகப் பெருமக்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். கற்றறிந்தோர் பலர் இருக்க நான் முந்திக்கொள்வது அடக்கமன்று என்பதை அறிவேன். எனினும், கேட்ட நாள் முதலாக இக்கதை என்னை இருக்க விடவில்லை. இதிலுள்ள பிழைகள் யாவும் என் கையினுடையவை, கதையினுடையவை அல்ல.

சென்ற ஒக்ரோபர் மாதத்துச் சனிக்கிழமையொன்றில், கனடாவின் ஸ்காபரோவிலுள்ள தம் வீட்டுச் சமையலறையில் றோசலின் கணவாய் வெட்டிக்கொண்டிருந்தார். கணவர் அமிர்தநாதர் பாண் ரொட்டி வாங்குவதற்காகத் தமிழ்க் கடைகள் உள்ள பிளாசாவுக்குப் போயிருந்தார். பாண் வாங்கப் பத்து நிமிடம் போதும். அங்கே நண்பர்களோடு நின்று உலக அரசியலைத் திருத்தி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும்.

மகள் செலீன் முன்னறிவிப்பின்றி வந்து சேர்ந்தாள். ஒஷாவாவில் தாதியாகப் பணிபுரியும் அவளுடன் ஓர் ஆபிரிக்கப் பெண்ணும் வந்திருந்தாள்.

"அம்மா, இவ மார்த்தா. என்னோடதான் வேலை செய்யிறா. என்ர பாட்ஜில அப்பான்ர பேரைப் பாத்திட்டு ஒரு கிழமையா என்னை விடுறா இல்லை."

"வாங்கோ பிள்ளை, இருங்கோ. ரீ குடிப்பியள்தானே?" என்றார் றோசலின், கையைக் கழுவியபடி.

மார்த்தா தேநீருக்குக் காத்திருக்கவில்லை. பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். ஒரு தேவாலய வாசலில் எடுத்த திருமணப் படம். மாப்பிள்ளை கறுத்து உயர்ந்த இளைஞர். அவருக்குப் பக்கத்தில், இரவல் கோட்டின் கை மணிக்கட்டுக்கு எட்டாமல், மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் ஒரு தமிழர். படத்தின் பின்புறத்தில் "அமிர்தநாதருடன், சியரா லியோன், 1983" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"அம்மா, இது அப்பாதானே?"

"உது அப்பா இல்லை." பதில் றோசலினின் வாயிலிருந்து தானாக வந்தது. "அப்பா ஒரு நாளும் ஆபிரிக்காவுக்குப் போகேல்லை."

"அப்ப பக்கத்தில நிக்கிற இந்த மனிசி ஆர்? இந்த மயில்கழுத்துப் பச்சைச் சாறி இப்பவும் உங்கட அலுமாரியில கிடக்கு. என்ர கல்யாணத்துக்கு உடுக்கச் சொல்லி என்னோட சண்டை பிடிச்சனீங்கள்!"

றோசலின் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

முப்பத்தொன்பது ஆண்டுகளாக அந்த ஒரு வசனத்தை அவர் காத்து வந்தார். 1986இல் கனடாவுக்கு வந்து அகதி விண்ணப்பம் செய்த வேளையில், முன்னரே வந்திருந்த சச்சிதானந்தன் என்பவர் இருவரையும் இருத்திவைத்துச் சொல்லிக் கொடுத்தது அது. "ஆபிரிக்காவில நாலு வரியம் படிப்பிச்சனாங்கள் எண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாதேங்கோ. அங்க பாதுகாப்பாத்தானே இருந்தனீங்கள், அங்கயே போங்கோ எண்டு பிளேன் ஏத்திவிடுவாங்கள்." அன்று மாலையே றோசலின் அந்த நான்கு ஆண்டுகளின் கடிதங்களையும் படங்களையும் அடுப்பில் போட்டு எரித்தார். இதே திருமணப் படத்தின் மற்றொரு பிரதியும் அவற்றுள் இருந்தது. சேலையை மட்டும் எரிக்க மனம் வரவில்லை. குடியுரிமை கிடைத்து மூன்று தசாப்தங்கள் கழிந்த பின்னரும் அந்தப் பயம் அவரை விட்டுப் போகவில்லை.

அவ்வேளை கதவு திறந்தது. பாணோடு உள்ளே வந்த அமிர்தநாதர், மேசையிலிருந்த படத்தைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டார்.

"பிலிப்!" என்றார். பின்னர் மார்த்தாவின் முகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஹவ் டி பொடி?" என்று கேட்டார்.

"டி பொடி ஃபைன், சேர்," என்ற மார்த்தாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

"அப்பா, உது என்ன பாஷை?" செலீன் திகைத்துப்போய் நின்றாள். பிறந்த நாள் முதலாக அவள் அறிந்த தகப்பன் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இரவும் பகலும் நின்றவர். ஒரு வகுப்பறையில் நின்றதாக அவர் மூச்சுக்கூட விட்டதில்லை.

"சுகமோ எண்டு கேட்டனான் பிள்ளை. அங்கத்தைப் பாஷை. நான் கெமிஸ்ற்றி, பிலிப் ஜியோகிரஃபி. அவன் பூமி உருண்டையைப் பற்றிப் படிப்பிக்கத் தொடங்கினா என்ர வகுப்புப் பெடியளும் அவன்ர யன்னலடியிலதான் நிப்பாங்கள்." அவர் சிரித்தார். "எங்க இப்ப அவன்?"

"அப்பா இறந்துவிட்டார், சேர். இரண்டு மாதமாகிறது."

மார்த்தா ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். றோசலினுக்கு விளங்காத இடங்களைச் செலீன் தமிழில் சொன்னாள். உள்நாட்டுப் போரில் பாடசாலை எரிந்தது. பிலிப் தொண்ணூறு மாணவர்களைக் காட்டுவழியே எல்லை கடத்தி, கினி நாட்டு அகதி முகாமில் தறப்பாளின் கீழ் ஆறு ஆண்டுகள் படிப்பித்தார். போர் ஓய்ந்ததும் திரும்பிச் சென்று, அம்மாணவர்களோடு சேர்ந்து கல் அறுத்துப் பாடசாலையை மீண்டும் கட்டினார். ஊரே சேர்ந்து அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அங்கும் அவர் ஆசிரியராகவே இருந்தார். ஒவ்வொரு அமர்விலும் வரவுப் பதிவேட்டை விரித்து, வராத உறுப்பினர்களுக்குச் சிவப்பு மையால் குறியிட்டு, வெள்ளிக்கிழமைகளில் ஊர் வானொலியில் அப்பெயர்களை வாசிப்பார்.

"அவன் செய்வான்!" என்று அமிர்தநாதர் தொடையில் தட்டினார். "நான் அஞ்சு நிமிஷம் பிந்தினாலே எனக்குச் சிவப்புக் கோடு போடுறவன்."

"அதனால் எதிரிகள் பெருகினார்கள், சேர். 2018இல் மூன்றாம் முறை வென்றபோது வழக்குப் போட்டார்கள். இவர் போருக்கு முன்னர் அந்தப் பாடசாலையில் படிப்பித்ததே இல்லை, ஆசிரியர் என்று பொய் சொல்லி வாக்கு வாங்கினார் என்றார்கள். பதிவேடுகள் எரிந்துவிட்டன. அதிபர் இறந்துவிட்டார். மாணவர்களின் சாட்சியை, அவர்கள் இவருடைய ஆட்கள் என்று தள்ளிவிட்டார்கள். அப்பா இந்தப் படத்தைக் காட்டினார். கல்யாணப் படம் கல்யாணத்துக்குத்தான் சாட்சி என்று மற்றத் தரப்பு சிரித்தது. தன்னோடு படிப்பித்தவர் ஒருவர் கனடாவில் இருக்கிறார் என்று அப்பா உங்கள் பெயரைச் சொன்னார்."

"பிறகேன் என்னட்டைக் கேக்கேல்லை?" அமிர்தநாதர் எழுந்துவிட்டார். "ஒரு கடிதம் போட்டிருந்தாலே காணுமே! இப்ப எனக்கு என்ன பயம்? சத்தியம் செய்து எழுதிக் குடுத்திருப்பனே!"

"சட்டத்தரணி கனடாத் தொலைபேசிப் புத்தகத்தில் உங்கள் பெயரைத் தேடி அழைத்தார், சேர். ஒரு பெண் பேசினாராம். அந்தப் பெயருடையவர் ஒருபோதும் ஆபிரிக்காவுக்கு வந்ததில்லை என்றாராம். சட்டத்தரணி இரண்டு தரம் கேட்டாராம். இரண்டு தரமும் அதே பதில். அதற்குப் பிறகு அப்பா சொன்ன எதையும் எவரும் நம்பவில்லை. பதவி போயிற்று. பாடசாலை வாசலில் இருந்த அவருடைய பெயரையும் சுரண்டி எடுத்தார்கள்." மார்த்தா படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நானும் நம்பவில்லை, சேர். கடைசிவரை அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என் அப்பா பொய்யரா என்று கேட்கத்தான் இன்றைக்கு வந்தேன்."

அந்தக் காலைப்பொழுது றோசலினின் கண்முன் அப்படியே வந்து நின்றது. அடுப்பில் பால் வைத்திருந்தார். வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. தொலைவிலிருந்து ஒரு குரல் மிக மரியாதையாக வினவியது. குடிவரவுத் திணைக்களம் இறுதியில் கண்டுபிடித்துவிட்டது என்றே அவர் நம்பினார். பாடமாக்கிய வசனத்தை ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னார். தொலைபேசியை வைத்தபின், குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டதாக எண்ணிச் சிலுவை அடையாளமும் இட்டுக்கொண்டார்.

அறையில் எவரும் அவரைப் பார்க்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பெண் தவறான இலக்கத்தில் பேசிய எவரோ ஒருத்தியாகவே போயிருப்பாள்.

"நான்தான்," என்றார் றோசலின்.

"என்ன நீர்?"

"ரெலிஃபோன்ல கதைச்சது நான்தானப்பா. இமிகிறேசன்காரர் எண்டு நினைச்சிட்டன்."

அமிர்தநாதர் பாணை மேசையில் வைத்துவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் திருப்பி எடுத்து, ஓம் எண்டு சொல்லியிருப்பியள்."

செலீன் தாயை முன்பின் அறியாத ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

றோசலின் எழுந்து மார்த்தாவின் முன் போய் நின்றார். தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சொல் சொல்லாக, "உன் அப்பா பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான்," என்றார். மார்த்தா அவரைத் திட்டவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. "அன்ரி, அதை எழுதித் தருவீர்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அமிர்தநாதர் கடதாசியும் பேனாவும் எடுத்தார். 1981ஆம் ஆண்டு முதல் 1985ஆம் ஆண்டு வரை பிலிப் லான்சானா தம்மோடு ஒரே பாடசாலையில் புவியியல் கற்பித்தார் என்று, கரும்பலகையில் எழுதும் அதே நிமிர்ந்த எழுத்தில் எழுதிக் கையொப்பமிட்டார். பின்னர் மனைவியைப் பாராமலே கடதாசியை அவர் பக்கம் தள்ளினார். றோசலின் தொலைபேசியில் தாம் சொன்னதையும், அது பொய் என்பதையும் எழுதித் தம் பெயரை இட்டார். நாட்டின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி எழுதினார்.

இழந்தவற்றைக் கூட்டிப் பார்த்தால் இவ்வளவுதான். பாராளுமன்றத்தில் ஓர் ஆசனம். ஒரு பாடசாலை வாசலில் ஒரு பெயர். தகப்பனும் மகளும் பேசிக்கொள்ளாத ஆறு ஆண்டுகள். ஓர் இரசாயனவியல் ஆசிரியரின் வாழ்க்கையில் நான்கு ஆண்டுகள், அவற்றோடு அவர் ஆசிரியர் என்பதும். அடுப்பில் எரிந்த ஒரு திருமணப் படம். பிலிப் லான்சானாவின் உயிர் இதில் சேராது. அது நோயினால் போயிற்று.