தடியனும் நோஞ்சானும்

மகள் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தாள். செங்கல் தூள் அப்பாவின் போர்வைமேல் பறந்து படிந்தது.

"மனுஷன் மூச்சு வாங்கிட்டுக் கெடக்காரு. இப்பத்தான் ஓட்டை போடணுமா?" என்றான் தம்பி.

"இப்பப் போடாம எப்பப் போடுறது?"

நடக்க முடியாமல் போனதும் அப்பாவை மாடியிலிருந்து கீழே கொண்டுவந்தார்கள். வெளியூர் நண்பரோடு தினமும் பேசும் அவருடைய அமெச்சூர் ரேடியோவும் கூடவே இறங்கியது. ஆன்டெனா மட்டும் மொட்டை மாடியிலேயே நின்றுவிட்டது. இரண்டையும் இணைக்க அவள் ஒல்லிக் கேபிளை, அப்பா பாஷையில் நோஞ்சானை, வாங்கி வந்தாள். சொன்னபடி வளைந்தது, ஜன்னல் இடுக்கில் சமர்த்தாக நுழைந்தது. தடித்த கேபிளான தடியன் என்றால் சுவரை உடைக்க வேண்டும். அத்தனை நீளத்துக்கு நோஞ்சான் ஆகாது என்று அப்பா தலைபாடாக அடித்துக்கொண்டார். அவர் சொன்னபடியே ஆயிற்று. நண்பரின் குரல் தினமும் சாயங்காலம் இங்கே கேட்டது; அப்பாவின் குரலை வழியிலேயே நோஞ்சான் தின்றுவிட்டது.

சொல்லிக்கொள்ளாமல் அலைவரிசையை விட்டுப் போவது அப்பாவுக்குப் பிடிக்காது. நண்பரிடம் விடைபெறும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தடியனை ரொம்ப மடக்காதே. உள்ள நசுங்கிடும்."

"மடக்கலைப்பா. நீங்க மூச்சைச் சேர்த்து வைங்க."

கேபிளை உள்ளே இழுத்து ரேடியோவில் திருகினாள். நண்பர் வழக்கம்போல, ரேடியோவில் பெயருக்குப் பதிலாக வழங்கும் அப்பாவின் அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிட்டார். மைக்கை அப்பாவின் உதட்டருகே பிடித்து அவளே பேசும் பொத்தானை அழுத்தினாள்.

"நான்தான்... கேக்குதா?"

பொத்தானை விட்டாள். சற்று இரைச்சல். பிறகு, "அடப்பாவி! பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி கேக்குதே! இத்தனை நாளா எங்கய்யா போய்த் தொலைஞ்சே?"

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலானது. மறுபடி பொத்தானை அழுத்திய அவளுக்கு அழுகை முட்டியது. பொத்தானிலிருந்த கட்டைவிரல் மட்டும் அசையவில்லை.

"கிளம்புறேன்யா."

அவள் பொத்தானை விட்டாள்.

"சரிய்யா. நாளைக்கும் இதே நேரம் நான் கூப்பிடுவேன்."

விடிவதற்குள் அப்பா போய்விட்டார்.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த சாயங்காலம், தம்பி கேபிளை இழுத்துப் பார்த்தான்.

"இதைப் பிடுங்கிட்டு ஓட்டையை அடைச்சிடலாம்க்கா. மழை வந்தா சுவர் ஊறிடும்."

"அடைக்கலாம். பிடுங்க வேணாம்."

சிமென்ட் குழைத்து, தடியனைச் சுற்றி விரலால் அழுத்தி அடைத்தாள். அவளும் அந்தக் காலத்தில் அப்பாவின் நச்சரிப்பு தாங்காமல் பரீட்சை எழுதி, ரேடியோவில் பேச உரிமமும் தனக்கென ஒரு குறியும் வாங்கியவள்தான். ஒருநாளும் பேசியதில்லை.

கை கழுவப் போகுமுன் நண்பரின் குரல் வந்துவிட்டது. அப்பாவின் குறியைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டார். காத்திருந்து, இன்னொருமுறை கூப்பிட்டார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சிமென்ட் கையோடு பொத்தானை அழுத்தித் தன் குறியைச் சொன்னாள்.