மாங்கொழுந்து நிறத் திரை

புது வீட்டில் எனக்கென்று ஒரு அறை உண்டு என்று பிஜு அண்ணன் சொன்னது அஸ்திவாரம் தோண்டிய சமயத்தில். மஸ்கட்டிலிருந்து வீடியோ காலில் வரைபடத்தைக் காட்டினான். மாடியில் கிழக்குப் பக்கத்துச் சதுரத்தின்மேல் விரலை வைத்தான்.

"ஏட்டி ஜெஸ்மி, இது உனக்காக்கும். கதவு, தாழ்ப்பாள் எல்லாம் உண்டு. யாரு வந்தாலும் நீ உள்ள போயி பூட்டிக்கலாம், கேட்டியா?"

கேலிதான். ஆனாலும் நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய வீட்டில் உள் அறைகளுக்குக் கதவே கிடையாது. யாராவது வந்தால் நான் அடுக்களை வழியாக விறகுப்புரைக்குப் போய்விடுவேன். அவர்கள் சாயா குடித்து, கல்யாணக் கதை பேசி, எழுந்து போகிறவரை அங்கேயே நிற்பேன். பதினொன்றாம் வகுப்பில் ஒருநாள் மலையாளப் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் எனக்கு மலையாளம் நன்றாகவே வாசிக்க வரும். ஆனால் வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. குரல் வரவில்லை. அடுத்த நாள் நான் பள்ளிக்குப் போகவில்லை, பிறகு போகவே இல்லை.

அதனால் கிழக்கு அறை எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், லிஜா மைனிக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

லிஜா மைனி அண்ணனின் மனைவி. நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு ஆங்கிலப் பள்ளியில் டீச்சர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னிடம் ஒரு கடுத்த வார்த்தை பேசியதில்லை. விருந்தாளிகள் என்னைக் கேட்டால், "அவளுக்குத் தலைவலி, படுத்திருக்கா" என்று சொல்லிக் காப்பாற்றுவாள். பள்ளியில் நடந்ததை நான் முழுதாகச் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

வீடு பூசி, பெயிண்ட் அடித்து முடிந்ததும் ஜன்னல்களுக்குத் திரை எடுக்க வேண்டியிருந்தது. அமரவிளையில் கடை வைத்திருக்கும் பொன்னையன், துணி மாதிரிகள் தைத்த தடிமனான புத்தகங்களை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தார். டைல்ஸ் பதித்து முடிந்த புதுத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரித்தார்.

"டீச்சரே, இது பிளாக்-அவுட். போட்டா பட்டப்பகலிலும் உள்ள ராத்திரியாக்கும்."

"எங்க அத்தைக்குப் போடுங்க. இருட்டில சீரியல் பாக்க நல்லாருக்கும்," என்றாள் மைனி.

அம்மா விடவில்லை. "எனக்கு எதுக்கு? பரீட்சைப் பேப்பரை மடியில வச்சிட்டு உறங்குகவளுக்குப் போடு."

பொன்னையன் சிரித்ததில் சுவர் எதிரொலித்தது. வீட்டில் அப்போது சாமான் எதுவும் இல்லை.

மைனி புத்தகங்களை என் பக்கம் தள்ளினாள். "ஜெஸ்மிக்கு நிறம் பாக்கத் தெரியும். எல்லா ரூமுக்கும் அவ எடுக்கட்டு."

ஒரு மத்தியானம் முழுவதும் நான்தான் எடுத்தேன். முன் அறைக்கு வெளிச்சம் உள்ளே வரும்படி மெல்லிய வெள்ளையும், அதன்மேல் கனமான சந்தன நிறமும். அடுக்களைக்குத் துணி வேண்டாம், எண்ணெய்ப் புகை பிடிக்கும், துடைத்தால் போகிற சுருள் திரை போதும் என்றேன். மைனியின் அறைக்குச் சாம்பல் நிறம். அம்மா பூப் போட்டதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். சின்னப் பூவைக் காட்டினேன், "கண்ணுக்குத் தெரியாண்டாமா?" என்று பூசணிப்பூ அளவுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

என் அறைக்கு வரும்போது கை நின்றுவிட்டது. கிழக்கு ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள், அதற்கு அப்பால் பஸ் போகும் சாலை. காலை வெயில் நேராக விழும். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய் ஜன்னலில் ஒவ்வொரு துண்டாகப் பிடித்துப் பார்த்தேன். ஒன்று கிடைத்தது. வெளிச்சம் பட்டால் மாங்கொழுந்துபோலச் செம்பு நிறம், நிழலில் வைத்தால் பழுப்பு. கனமான துணி. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஆள் இருப்பது தெரியாது.

"பிள்ள நல்ல சாதனத்தில கை வச்சிட்டு. இந்த வீட்டுக்கு எடுத்ததில இதுதான் விலை கூடுதல்," என்றார் பொன்னையன்.

"போகட்டு. அவ எங்கிட்ட ஒண்ணும் கேக்கதில்லல்லா," என்றாள் மைனி. என் தலையில் கை வைத்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அளவெடுக்க இன்னொரு ஆள் வேண்டும். பொன்னையனோடு யாரும் வரவில்லை, அதனால் டேப்பின் மறுமுனையை நான் பிடித்தேன். அந்நிய ஆளோடு அறை அறையாக நடந்தது எனக்கே ஆச்சரியம். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே பேசினார், அதுவும் ஒரு உதவிதான்.

கடைசியாகக் கீழே வந்தோம். மாடிப்படி திரும்புகிற மேடைக்கு அடியில், சாப்பாட்டு மேஜை வரப்போகிற இடத்தை ஒட்டி, ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் இருந்தது. மைனி அங்கே நின்றாள்.

"இதையும் அளந்திடுங்க. இன்வெர்ட்டர், பழைய சாமான் எல்லாம் போட்டு மறைக்கதுக்கு ஒரு கர்ட்டன் வேணும்."

அந்த இடத்தில் சுவரில் ஒரு பிளக் இருந்தது, விளக்குக்கு ஒரு சுவிட்ச், மேலே மின்விசிறி மாட்டும் கொக்கி. பேட்டரி சூடாகாமல் இருக்கக் காற்று வேண்டுமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். டேப்பை மேடையின் விளிம்பில் அழுத்திப் பிடித்தேன். பொன்னையன் குனிந்து தரைவரை இழுத்தார்.

"இதுக்கு எந்தத் துணி, டீச்சரே?"

"பிறகு போன் பண்ணுகேன்."

அம்மா அங்கேதான் நின்றாள். தரையில் சொட்டியிருந்த பெயிண்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை.

வீட்டுப் பிரதிஷ்டைக்கு, அதாவது குடிபுகும் ஜெபத்துக்கு, இரண்டு நாள் முன்பு திரைகள் தைத்து வந்தன. நான் காலையிலேயே என் அறையைக் கழுவி, பழைய மேஜையை ஜன்னலுக்கு நேராகப் போட்டு வைத்திருந்தேன். பொன்னையனும் இரண்டு வேலைக்காரரும் மாடிக்கு வந்து துளை போட்டார்கள். நான் வெளியே வராந்தாவில் நின்றேன். சத்தம் நின்றதும் எட்டிப் பார்த்தேன். ஜன்னலில் சாம்பலும் வெள்ளையும் பட்டை பட்டையாக ஒரு புதுமாதிரி இழுப்புத் திரை தொங்கியது.

நான் உள்ளே போனேன். "அண்ணே, ரூம் மாறிப்போச்சு."

"மாறல்ல பிள்ளே." பொன்னையன் அப்போதும் சுவரைப் பார்த்தார். "இந்த ரூமுக்கு இதுதான்னு டீச்சர் போன்ல சொன்னாங்க. அவங்க தங்கச்சி துணிப் படம் பாத்து எடுத்ததாமே."

"அப்ப எனக்க துணி?"

அவர் ஏணியை மடக்கி வேலைக்காரரிடம் கொடுத்தார். கருவிப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். நான் பின்னாலேயே போனேன். ஏணி படிக்கு அடியில் போடப்பட்டது. மேடையின் விளிம்பில், நான் டேப்பைப் பிடித்திருந்த அதே இடத்தில் கம்பி ஏறியது. பிறகு உறையைக் கிழித்து மாங்கொழுந்து நிறத் துணியை எடுத்தார்கள். வளையம் வளையமாகக் கோத்து விட்டார்கள். அது தரைவரை வந்து, சரியாக நின்றது.

திரைக்குப் பின்னால் ஒரு ஒற்றைக் கட்டில் ஏற்கெனவே போட்டிருந்தது.

மைனி அடுக்களையிலிருந்து வந்தாள். பார்த்ததும் முகம் மலர்ந்தது. அது நடிப்பில்லை, அவளுக்கு உண்மையாகவே பிடித்திருந்தது.

"என்ன பங்கி, என்ன அழகு, பாரேன்! ரூம் மாதிரியே இருக்குல்லா மோளே?"

"மைனி, மேல உள்ள ரூம்..."

"தங்கச்சி ரேஷ்மிக்கு பி.எட். கிடைச்சிருக்குல்லா, இஞ்ச பக்கத்தில தனுவச்சபுரத்தில. எங்க ஊரு ஒற்றசேகரமங்கலத்திலேருந்து தினமும் பஸ் மாறி வந்தா அவ எப்பிடிப் படிப்பா? ரெண்டு வருஷந்தான். படிக்க பிள்ளைக்கு ஒரு கதவு வேணும்லா."

"எனக்கும் வேணும்."

"உனக்கு எதுக்கு?" குரல் கொஞ்சமும் உயரவில்லை, விருந்தாளிகளிடம் எனக்காகப் பொய் சொல்லும் அதே குரல். "நீ என்ன பரீட்சையா எழுதப் போற? யாரு வந்தாலும் இழுத்து விட்டா போதும், ஒருத்தருக்கும் தெரியாது. இந்த வீட்டிலேயே விலை கூடின கர்ட்டன் உனக்காக்கும். அதை மறக்காத."

நான் அம்மாவைத் தேடிப் போனேன். கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"என்னது?"

"நடிக்காத அம்மா."

அவள் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. "பிஜு சொன்னான்."

"எப்ப?"

"மேடைக்குக் கான்கிரீட் வார்க்க சமயத்தில. அங்க ஒரு பிளக் வைக்கச் சொன்னதே அவனாக்கும். ஃபேனும் வேணும், அவளுக்கு வேர்க்கும்னு சொன்னான். உன்னை நினைக்காம இல்ல."

மேடை வார்த்தது மழைக்காலத்தில். அதற்குப் பிறகு எத்தனை முறை அம்மாவிடம் என் அறையைப் பற்றிப் பேசியிருப்பேன்! மேஜையை எங்கே போடலாம் என்று கேட்டபோது, "ஜன்னல் பக்கத்தில போடு" என்று யோசனை சொன்னதே அவள்தான்.

"துணி எடுக்கும்போ பக்கத்தில இருந்தியே."

"நீ அவ்வளவு சந்தோஷமா பாத்துட்டிருந்த. எப்பிடி மக்கா சொல்லுகது?"

சாயங்காலம் அண்ணனை அழைத்தேன். முதல் இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தபோது பின்னால் கிரேன் சத்தம்.

"மக்கா, நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு. லிஜாக்க வீட்டில நிலம் வாங்கதுக்கும் பணம் தந்து உதவிச்சாங்க. ரேஷ்மியை வேண்டாம்னு எப்பிடிச் சொல்லுகது?"

"எனக்கிட்ட சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா நீ அழுவ."

"இப்ப அழல்லியா?"

"கர்ட்டன் படம் லிஜா அனுப்பியிருந்தா. நல்லாருக்கு," என்றான். டூட்டி இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

பழைய வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லவும் வழியில்லை. அடுத்த வாரம் அதை இடித்துக் கார் நிறுத்த இடம் போட ஆள் பேசியாகிவிட்டது.

எங்கள் சபையில் வீட்டுப் பிரதிஷ்டை என்றால் போதகர் அறை அறையாகப் போவார். ஒவ்வொரு அறையிலும் நின்று, இங்கே படுப்பது யார் என்று கேட்டு, பேர் சொல்லி ஜெபிப்பார். அப்படி ஜெபித்துவிட்டால் அந்த அறை அந்த ஆளுக்கு என்று ஊரே எடுத்துக்கொள்ளும். பின்னால் அண்ணன் தம்பிக்குள் வழக்கு வந்தாலும், "பாஸ்டர் பேர் சொல்லி ஜெபிச்சதுல்லா" என்றால் பேச்சு முடிந்தது.

சனிக்கிழமை காலை நிறையப் பேர் வந்தார்கள். ஒளிய விறகுப்புரையும் இல்லை, அதற்குள் காலி செய்திருந்தார்கள். ஒரு பாட்டுப் பாடி ஊர்வலமாக மாடிக்குப் போனபோது நானும் கூட்டத்தின் கடைசியில் ஏறினேன். மைனி கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள், அதில் அண்ணன் மஸ்கட்டிலிருந்து வெள்ளைச் சட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிழக்கு அறையில் போதகர் கேட்டார். "இது யாருக்க அறை?"

"என் தங்கச்சி ரேஷ்மி, பாஸ்டரே. பி.எட். படிக்கா."

ரேஷ்மி வெட்கத்தோடு முன்னால் வந்தாள். அவள் படிப்பும் எதிர்காலமும் ஆசீர்வதிக்கப்பட்டன. என் மேஜையின்மேல் அவள் பை இருந்தது.

கீழே இறங்கியதும் எல்லோரும் பந்தல் பக்கம் திரும்பினார்கள். பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது. போதகர் படிக்கு அடியில் நின்றார், திரையைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல துணி. இதுக்குள்ள என்னது? ஜெபிக்காம ஒரு இடத்தையும் விடப்பிடாது."

"அது ஸ்டோர் பாஸ்டரே. வெறும் சாமான்," என்றாள் மைனி சட்டென்று.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து எதையோ தேடினாள். கைபேசியில் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மூன்று பேரில் ஒருவராவது சொல்வார்கள் என்று நான் காத்திருந்தேன்.

"ஸ்டோர் இல்ல," என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த முறை குரல் வந்தது. "எனக்க இடமாக்கும். எனக்கு மேல ரூம் தாறோம்னு சொல்லிட்டு, இஞ்ச படுக்கச் சொல்லியிருக்காங்க."

அவ்வளவு பேர் முன்னால் நான் பேசியது அதுவே முதல் தடவை. இப்போது போதகர் ஏதாவது கேட்பார், மைனி பதில் சொல்லியாக வேண்டும் என்று நினைத்தேன். அசையாமல் நின்றேன்.

போதகர் முகம் கனிந்தது. "மகளுக்குப் பேர் என்ன?"

"ஜெஸ்மி."

"வா மகளே, இங்க நில்லு." திரையை ஒதுக்கி, என்னைக் கட்டிலின் பக்கத்தில் நிறுத்தி, தலையில் கை வைத்தார். கூட்டம் முழுவதும் கண்ணை மூடியது.

"ஆண்டவரே, உம்முடைய பிள்ளை ஜெஸ்மிக்கு இந்த வீட்டில் நீர் தந்த இந்த இடத்துக்காக நன்றி. கொஞ்சத்தில் திருப்தியாக இருக்கிற மனதை அவளுக்குத் தாரும். கடல் கடந்து கஷ்டப்பட்டு இவளுக்கு நிழல் கொடுத்த சகோதரனை ஆசீர்வதியும். சொந்தத் தங்கையைப்போல இவளைப் பார்த்துக்கொள்ளும் சகோதரியை ஆசீர்வதியும். இந்த இடம் என்றைக்கும் இவளுக்கு உரியதாக இருக்கட்டும்."

நான் கண்ணை மூடவில்லை. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். மைனி சொன்னாள். அம்மா மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னாள். எல்லாக் குரலும் அடங்கிய பிறகு, கொஞ்சம் பிந்தி, கைபேசிக்குள்ளிருந்து அண்ணனுடைய ஆமென் வந்தது.