வெள்ளையில் சிவப்புக் கோடு

சிவப்பு விளக்கு மினுங்கி மினுங்கி அணைகிறது, மிளகளவு விளக்கு, பழைய ஹெரால்டு காரின் டேஷ்போர்டில், முன்சக்கரங்கள் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டன, பின்சக்கரங்கள் தாண்டவில்லை, என்ஜின் நின்றுவிட்டது, குணவதி அக்கா சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்கிறாள், டாக்டரம்மா எறங்குங்க, ரயில் வருது எறங்குங்க என்று கேட்கீப்பர் கத்திக்கொண்டு ஓடிவருகிறார், வேலாத்தா வலியில துடிக்கறா, எறங்கச் சொல்றான் பாருடா இவன் என்கிறாள் அக்கா, பக்கத்து சீட்டில் இருக்கும், வருஷக்கணக்காக இந்தக் காரை ஓட்டி ரிப்பேரும் பார்த்த என்னிடம், வேலாத்தா செத்தே பல வருஷமாகிறது, அதைச் சொல்லித் தடுக்க முடியாமல்தான் நானும் காரில் ஏறிக்கொண்டேன், கேட்கீப்பரும் நானும் தள்ளினோம், கனவில் தள்ளுவதுபோல் கால் மட்டும் நகர்ந்தது, கார் நகரவில்லை, பிறகு நகர்ந்தது, பிறகு ரயில் போனது, அதன் காற்றில் என் சட்டை படபடத்தது, அக்கா சாவியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

சாவி போடற ஸ்விட்ச் தேஞ்சு போச்சுடா, வேற ஒண்ணுமில்ல, மாத்திக் குடு என்றாள் வீட்டுக்கு வந்ததும், உண்மையும் அதுதான், கழற்றிப் பிரித்துப் பார்த்தேன், எளிமையான பொருள், பின்னால் மூன்று கம்பிகள், பழுப்புக் கம்பியில் பேட்டரியின் மின்சாரம் எப்போதும் வந்து காத்திருக்கும், சாவியை ஒரு படி திருப்பினால் உள்ளே ஒரு பித்தளைத் தகடு பழுப்பை வெள்ளையோடு சேர்க்கும், சிவப்பு விளக்கு எரியும், ஸ்பிரிங்கை அழுத்தி இன்னொரு படி திருப்பினால் வெள்ளையில் சிவப்புக் கோடு போட்ட மூன்றாவது கம்பிக்கும் மின்சாரம் போகும், ஸ்டார்ட்டர் சுற்றும், என்ஜின் பிடித்துக்கொள்ளும், தகடு தேய்ந்துவிட்டால் குலுக்கலில் தொடும், விடும், தொடும், அக்காவும் இப்போது அப்படித்தான், சாப்டியாடா என்று கேட்பாள், தட்டை வைத்துவிட்டு, நீங்க யாருங்க, யாரைப் பார்க்கோணும் என்பாள்.

உக்கடத்துக் கடையில் தேடிப் பிடித்த புது ஸ்விட்சோடு, வீட்டு ஷெட்டில் நிற்கும் காரின் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறேன், பழுப்பை மாட்டினேன், வெள்ளையை மாட்டினேன், மூன்றாவது என் விரல்களுக்கு நடுவே இருக்கிறது, மழை பெய்கிறது, இல்லை, அது அன்றைய மழை, வேலாத்தாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வருகிறோம், சோளக்காட்டுப் பக்கம் வரும்போதே பின்சீட்டில் பிரசவமாகிறது, அவள்மேல் குனிந்திருக்கும் அக்கா என் பக்கம் திரும்பாமலே கத்துகிறாள், என்ஜினை நிறுத்தீராதடா, மறுபடி எடுக்கலீன்னா ரெண்டு உசுருடா, நான் டிரைவர் சீட்டில் சாவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பிடிக்கத் தேவையே இல்லை, ஆனாலும் பிடித்திருக்கிறேன், முதல் அழுகை கேட்கிறது, என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது, அந்த உயிர் இந்தக் கம்பி வழியாகத்தான் வந்தது என்று தோன்றுகிறது, என்னடா தூங்கீட்டியா கீழ, ஒரு ஸ்விட்சுக்கு இத்தனை நேரமா, வேலாத்தா பெத்துட்டு எந்திரிச்சே போயிருவா என்கிறாள் அக்கா வெளியிலிருந்து, சிரிக்கிறாள், முடிஞ்சுதுக்கா என்கிறேன், கோடு போட்ட கம்பியை மாட்டாமலே அதன் நுனியில் டேப்பைச் சுற்றி உள்ளே தள்ளுகிறேன், பானெட்டைத் திறந்து, என்ஜினுக்குத் தீப்பொறி தரும் காயிலுக்குப் போகும் கம்பியையும் கழற்றுகிறேன், யாராவது தள்ளிவிட்டாலும் என்ஜின் பிடிக்கக் கூடாது, திருப்பிய சாவி திருப்பியபடி இருந்தாலும் காயில் சூடாகக் கூடாது, இவ்வளவு கவனமாக நான் எதையும் ரிப்பேர் செய்ததில்லை.

அக்கா ஏறி உட்கார்ந்தாள், சாவியைத் திருப்பினாள், சிவப்பு விளக்கு எரிந்தது, இன்னொரு படி திருப்பினாள், சத்தமில்லை, மறுபடி திருப்பினாள், சத்தமில்லை, என்னைப் பார்த்தாள், பிறகு ஷெட்டின் சுவரைப் பார்த்தாள், கேட் போட்டிருக்கறான் என்றாள், ஆமாக்கா என்று பக்கத்தில் ஏறிக்கொண்டேன், இருவரும் ரயிலுக்காகக் காத்திருந்தோம், ரயில் போகட்டும் என்றுதான் நானும் நினைத்தேன், அவள் இடது கை மெல்ல டேஷ்போர்டுக்கு அடியில் போனது, எதையோ தேடியது, நின்றது, டேப் சுற்றிய நுனியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு மடிக்குத் திரும்பியது, கேட்டை நீதானேடா போட்டே, எப்பத் தொறப்பே என்றாள், நான் முன்னால் இருந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன், மிளகளவு விளக்கு, சிவப்பு, கொஞ்சமும் நடுங்காமல் எரிந்தது.