மாமியார் மெஷின்

குமாசி நகரில், அடும் என்னும் கடைத்தெருவில், துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் பயிற்சி மையத்துக்கு அன்று வெள்ளி விழா. சேர்வா போவதாகவே இல்லை. தலைநகர் அக்ராவில் நாற்பது பேருக்குச் சம்பளம் போடும் மென்பொருள் நிறுவனத்தின் முதலாளி அவள். வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்று சொன்னால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். ஆனால் மையத்தை நடத்தும் டோங்கோர் சாரே போன் செய்து, "வரலைன்னா உன் சர்டிபிகேட்டைத் திருப்பி வாங்கிடுவேன், பாத்துக்கோ" என்று சிரித்தார். அவர் விளையாட்டுக்குச் சொன்னார். இவளுக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

மாடி ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது அந்தப் பழைய கம்ப்யூட்டர்தான். மஞ்சள் பூத்துப்போன பெட்டிக்குப் பல வண்ணக் கெந்தே நெசவுத் துணி போர்த்தி, மேசை நடுவில் ராணி மாதிரி உட்கார வைத்திருந்தார்கள்.

"மாமியார் இன்னும் உயிரோடதான் இருக்காங்களா!" என்று யாரோ கத்த, கூடம் முழுக்கச் சிரிப்பு.

அதற்கு அந்தப் பெயர் வந்தது சும்மா இல்லை. நம் மெஷினில் நாம் எழுதிய ப்ரோக்ராம் அருமையாகத்தான் ஓடும். அதற்கு வேண்டிய துணைக் கோப்புகள் எல்லாம் ஏற்கெனவே அங்கே இருக்குமே! அது அம்மா மாதிரி; நாம் எதைச் சமைத்து வைத்தாலும் சாப்பிட்டுவிடுவாள். ஆனால் வாடிக்கையாளர் வீட்டு மெஷினில் ஒன்றும் இராது. அதனால் சார் ஒரு மெஷினை வெறும் விண்டோஸோடு தனியே வைத்திருந்தார். மூன்று ஃப்ளாப்பிகளில் ப்ரோக்ராமைக் கொண்டுவந்து அதில் ஏற்றிக் காட்ட வேண்டும். ஒரே ஒரு கோப்பை மறந்திருந்தாலும் மாமியார் ஒற்றை வரியில் திட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவாள். ஒருவர் முடித்ததும் தான் ஏற்றியதை எல்லாம் அழித்துத் துடைத்து, அடுத்தவருக்கு வெறும் மெஷினாகக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அது ஒரு மணி நேர வேலை. சார் பக்கத்தில் நின்று பார்க்கமாட்டார். அவரவர் நாணயத்தை நம்பினார்.

படிப்பதற்கு இருந்தது ப்ரோக்ராம் எழுதும் விவரமெல்லாம் அடங்கிய ஒரே ஒரு செட் உதவி சிடி. சுவரில் ஒட்டிய பட்டியல்படி ஆளுக்கு ஒரு மணி நேரம். வேண்டியதைக் கையால் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். கூடப் படித்த நியார்கோ காலையில் கெஜேத்தியா பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவி ஆள் ஏற்றிவிட்டு, தொண்டை கட்டி, மூச்சிரைக்க வருவான். அதற்குள் அவனுடைய ஒரு மணி நேரம் போயிருக்கும். சேர்வா தன் நேரத்தில் பாதியை அவனுக்குக் கொடுப்பாள். அவள் திரையைப் பார்த்து வாசிப்பாள், அவன் எழுதுவான்.

"மெதுவா வாசி தாயே, இது என்ன ட்ரோட்ரோ வேனா, இப்படி ஓட்டுறே?"

"நீ எழுதுற வேகத்துக்கு வாசிச்சா கிறிஸ்துமஸ் வந்துரும்!"

அவளுடைய அலுவலகத்துப் பிள்ளைகளுக்கு இப்போது எந்தச் சந்தேகத்துக்கும் நொடியில் பதில் கிடைக்கிறது. மறுநொடி மறந்தும் போகிறது. அந்த அரை மணி நேரங்களில் எழுதியது அவளுக்கு இன்னும் மனப்பாடம். அந்தச் சந்தோஷம் அவளுக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

இரண்டாயிரத்தொன்றில் மாம்பொங் ஊர் மருந்துக் கிடங்கு ஒன்று, ப்ரோக்ராம் எழுத ஓர் ஆள் கேட்டது. மாமியாரிடம் தேறுபவர்களில் சிறந்தவருக்கு வேலை. கடைசியில் நின்றவர்கள் நியார்கோவும் சேர்வாவும்தான். இருவரும் தேறினால் வேலை சேர்வாவுக்கு என்று எல்லோருக்கும் தெரியும். அவள் வேலை அத்தனை நேர்த்தி. வெள்ளிக்கிழமை முதலில் நியார்கோ போனான், தேறினான். அடுத்து சேர்வா. முதல் தட்டிலேயே ஓடியது. அவள் குதித்த குதியில் கீழே துணிக்கடைக்காரம்மா மேலே வந்து சண்டை போட்டாள்.

வேலையில் சேர்ந்த திங்கட்கிழமை மாம்பொங்கில் ப்ரோக்ராம் திறக்கவில்லை. ஒரு கோப்பைக் காணோம் என்றது. சேர்வா தன் ஃப்ளாப்பியைப் பார்த்தாள். உண்மைதான், அதை எடுத்து வைக்கவே இல்லை. அப்படியென்றால் மாமியாரிடம் எப்படி ஓடியது? யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. நியார்கோவின் ப்ரோக்ராமுக்கும் அதே கோப்புதான். அவன் துடைக்க மறந்திருக்கிறான்!

வெயிலில் ஃப்ளாப்பி கெட்டுவிட்டது என்று கிடங்கில் வாய் கூசாமல் பொய் சொன்னாள். மறுநாள் கோப்போடு வந்து ஓட வைத்தாள். சாரிடம் சொல்லியிருந்தால் வேலை நியார்கோவுக்குப் போயிருக்கும். சொல்லவில்லை. அதன்பின் அவன் முகத்தில் விழிக்கவும் முடியவில்லை. அவன் எழுதிய கடிதங்களுக்குப் பதில் போடவில்லை; குமாசிக்கு வந்தாலும் அவன் இருக்கும் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது அவனே கையில் வாச்சே என்னும் காராமணிச் சோற்றுத் தட்டோடு எதிரே வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. தொண்டை மட்டும் அதே கட்டைத் தொண்டை.

"என்ன முதலாளியம்மா, ஏழைங்களை அடையாளம் தெரியுதா?"

சேர்வாவுக்கு இன்று விட்டால் இனி எப்போதும் சொல்லப்போவதில்லை என்று தோன்றியது. அவனை ஜன்னலோரம் இழுத்துப் போனாள்.

"நியார்கோ, அந்த வேலை உன்னோடது. என் ஃப்ளாப்பில ஒரு கோப்பு இல்லை. நீ அன்னைக்கு மாமியாரைத் துடைக்க மறந்துட்டே, அதனாலதான் ஓடுச்சு. எனக்குத் திங்கட்கிழமையே தெரியும். வாயைத் திறக்கலை. திருடிட்டேன்."

அவன் சோற்றை மெல்லுவதை நிறுத்தினான்.

"மறந்தேன்னு யார் சொன்னது?"

"பின்னே?"

"உன் ஃப்ளாப்பி மேல என்னென்ன இருக்குன்னு எழுதி ஒட்டியிருந்தியே, அதை மேசைல பாத்தேன். அந்தக் கோப்பு பேரைக் காணோம். பரீட்சைல ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பேசினா சார் ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிருவார். எப்படிச் சொல்றது? அதான் துடைக்காம எந்திரிச்சு வந்துட்டேன்."

"வேலை உனக்கு வந்திருக்கும்டா!"

"வந்திருக்கும். அதுல என்ன எழுதியிருப்பேன்? எனக்குத் தெரிஞ்சது பாதிக்கு மேல நீ வாசிச்சுக் காட்டினதுதானே."

இருபத்துமூன்று வருடம். சேர்வாவுக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது, இரண்டும் சேர்ந்து கண்ணில் வழிந்தது.

"அப்ப நான் திருடலையா?"

"நீ எங்க திருடினே, நானா குடுத்தது." அவன் தட்டை ஜன்னல் கட்டையில் வைத்தான். "ஆனா என் கல்யாணத்துக்கு நீ வந்திருக்கலாம் சேர்வா. நண்பர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி துணி எடுத்தோம். உனக்கும் ஒண்ணு எடுத்து, நீ வருவேன்னு சாயங்காலம் வரைக்கும் கையில வெச்சிருந்தேன்."

கூடத்தில் யாரோ பாட்டுப் போட்டார்கள். சேர்வா முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"என்ன கலரு?" என்று கேட்டாள்.