போனுக்குள் ஒரு கல்லறை

சோமனூரில் தறி ஓட்டும் வின்ஸ்டனுக்கு அலுப்பு என்பது தூங்கி எழுந்தால் போகிற சங்கதி அல்ல, எலும்பிலேயே குடியேறிவிட்டது. அண்ணன் ஜெஃபின் செத்த பிறகு சிரிக்கக்கூடச் சோம்பலாக இருந்தது. மிஞ்சியது அண்ணன் பழக்கிவிட்ட ஒரு சீன விளையாட்டுதான். போனுக்குள் மலையேறி, தவம் செய்து, வலிமை சேர்த்து, சாகாவரம் தேடிப் போக வேண்டும்.

வெகுநாள் வராதவனுக்கு அந்த விளையாட்டே ஒரு கல்லறை கட்டி, அவன் கடைசியாக எழுதிய வரியைக் கல்லில் பொறித்துவிடும். ஜெஃபினின் கல்லில், ‘லின்சி சோறுண்ணக் கூப்பிடறா, போயிட்டு வாரேன்’ என்றிருந்தது. சாப்பிட்டு வேலைக்குக் கிளம்பியவன் வழியில் லாரியில் அடிபட்டான். அண்ணி லின்சி ஞாயிறுதோறும் வந்து, கொழுந்தனின் போனை வாங்கி அந்த வரியைப் படித்துவிட்டுப் போவாள். அதற்காகவே வின்ஸ்டன் விளையாட்டில் தன் ஆளை அந்தக் கல்லறைப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தான்.

கல்லறைத் திருநாள் வந்தது. தறிக்காரனுக்கு ஓடுகிறதை நிறுத்த மனசு வராது. அதுபாட்டுக்கு ஓடட்டும், நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம் என்பான். வின்ஸ்டன் ஆட்டத்தையும் அப்படியே தானாக ஓடவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அண்ணன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தான். லின்சி செவ்வந்தி வைத்து மெழுகுவத்தி ஏற்றினாள். பிறகு போனைக் கேட்டாள்.

போனுக்குள்ளே கல்லறை பிளந்து கிடந்தது. அன்றைக்கென்று பார்த்து ஆட்டத்தில் புதையல் வேட்டையாம். இவனுடைய ஆள் பக்கத்தில் இருந்ததைத் தோண்டிவிட்டான். உள்ளே புதைந்திருந்த ஜெஃபினின் வாள் அவன் இடுப்பில் இருந்தது. கல்லில் எழுத்தில்லை. லின்சி அழவில்லை, போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வின்ஸ்டன் வெட்கத்தில் செத்துப்போனான்.

தோண்டியவனுக்கு ஆட்டம் ஒரு வழி விட்டிருந்தது. சேர்த்த தவம் மொத்தத்தையும் கொடுத்தால் கல்லும் எழுத்தும் திரும்பும். ஆனால் அவன் அங்கேயே காவலிருக்க வேண்டும், இனி மலையேற முடியாது.

“வேண்டாங்க தம்பி. அவரோட சேர்ந்து ஏறுனதுங்க அது,” என்றாள் லின்சி.

“தனியா ஏறிச் சலிச்சுப் போச்சுங்க அண்ணி. உக்காந்துக்கறேன்.”

அழுத்தினான். வாள் மறைந்தது. ஆள் கிழவனாகிக் கல்லறையோரம் உட்கார்ந்தான். எழுத்து திரும்பி வந்தது. லின்சி வாய்விட்டுப் படித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சோறு ஆறிப்போகும், ஊட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

வின்ஸ்டன் நின்று, போனில் அந்தக் கல்லறைக்குக் கீழே எழுதினான்: ‘அண்ணி சோறுண்ணக் கூப்பிடறாங்கண்ணா, போயிட்டு வாரேன்.’