மூன்றரை அங்குலம்

தன்னிடமிருந்து போன மூன்றரை அங்குல உயரத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பேச்சி டீச்சர் தாளாளர் எட்மண்டிடம் கேட்டது 1986ஆம் வருடம் ஜூன் மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு. அன்றைக்கு ஊட்டி மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் கிலோ ஒன்றேகால் ரூபாய். “சம்பளத்தைக் கேளு, லீவைக் கேளு, உயரத்தை மட்டும் கேட்டுராதே” என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் தலைமையாசிரியை தபித்தாள். சொல்லும்போது அவர் நாற்காலியில் இரண்டு தலையணைகளை அடுக்கி அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

பெர்ன்ஹில் இறக்கத்தில், மலை ரயில் பாதையை ஒட்டி இருந்த அந்தப் பள்ளிக்குப் பத்திரத்தில் ஒரு பெயர் உண்டு. ஆனால் தண்டவாளப் பள்ளி என்றால்தான் பஸ் கண்டக்டருக்கே தெரியும். பாதை போட்டு மிஞ்சிய தண்டவாளத் துண்டொன்று அங்கே வராந்தா விட்டத்தில் மணியாகத் தொங்கியது. தொங்கவிட்டவன் தன் உயரத்தை வைத்தே உலகத்தை அளந்தவன் போலிருக்கிறது. கொஞ்சம் வளர்ந்தவர்கள் குனிந்துதான் அதைக் கடக்க வேண்டும். கந்தன் என்ற பியூன் ஒரு போல்ட்டால் அதை அடிப்பார். எஸ்டேட்டுப் பிள்ளைகளும் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகளும் படித்த பள்ளி. கூரைத் தகரம், பெஞ்சு, கக்கூஸ் எல்லாம் நிர்வாகத்தின் பாடு. அதனால் ஒவ்வொரு மே மாத சீசனிலும் நிர்வாகம் மூன்று நான்கு ஆசிரியர்கள் கையில் தகர உண்டியலைக் கொடுத்து அனுப்பும். படகுத்துறை வரிசை, மலர்க்காட்சி வாசல், பைக்காரா அணை என்று இருபது நாள் நின்று, வந்து போகிறவர்களிடம் கேட்க வேண்டும்.

உண்டியலைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள் நூறு பேர் ஆனால், உண்டியலைப் பிடித்திருக்கும் ஆசிரியருக்கு ஒரு நெல்லின் அகலம் உயரம் குறையும். 1951இல் பள்ளி தொடங்கியதிலிருந்தே இப்படித்தான். யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. மார்க்கெட்டில் இருந்த டெய்லர் ஆறுக்குட்டி ஜூன் பிறந்ததும் டீச்சர்களின் உள்பாவாடைகளை வாங்கி விளிம்பை மடித்துத் தைத்துக் கொடுத்துவிடுவார். காசும் வாங்குவதில்லை, காரணமும் கேட்பதில்லை. இருபத்தெட்டு சீசன் பார்த்த தபித்தாள் டீச்சருக்குக் கரும்பலகையின் அடிப்பகுதிதான் எட்டும். அவர் வகுப்புப் பிள்ளைகள் எல்லாக் கணக்கையும் அந்த ஒன்றரை அடிக்குள்ளேயே போட்டுப் பழகியிருந்தார்கள். பலகையின் மேல்மூலையில் அவர் கடைசியாக எட்டி எழுதிய தேதி, 1971ஆம் வருடத்தது, அழிப்பாரில்லாமல் அப்படியே இருந்தது.

குறைந்த உயரம் எங்கே போயிற்று என்பதிலும் ஒளிவுமறைவு இல்லை. எட்மண்ட் ஒவ்வொரு ஜூனிலும் வளர்ந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்வதற்கில்லை. கூப்பிட்ட குரலுக்கு வருவார், சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போவார், கோபம் வந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஆனால் ஒரு நாளும் உண்டியலைத் தொட்டதில்லை. அனுப்புவது மட்டும்தான் அவர் வேலை. ஐந்தரை அடியாகத் தாளாளர் பதவிக்கு வந்தவர் இப்போது எட்டடிக்கு இரண்டு விரல் குறைவு. அவருடைய அறை நிலையை இரண்டு தடவை உயர்த்திக் கட்டினார்கள். மலை ரயிலில் ஏறினால் அவர் முழங்கால் எதிர் பெஞ்சுக்காரர் மடியில் இருக்கும். ஊட்டியின் தண்ணீர் தனக்கு ஒத்துக்கொண்டது என்று அவர் நம்பினார். கழுத்து வலிக்கு மட்டும் விடாமல் தைலம் தேய்த்தார்.

பேச்சி இந்தப் பள்ளிக்கு வந்தது 1981இல். குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கும் இசக்கியம்மாவின் மகள். தொழிலாளர்கள் குடியிருக்கும் அந்த லைன் வீடுகளிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள், கணிதத்தில் பட்டம். உயரம் ஐந்தடி ஏழங்குலம். லைன் வீட்டு நிலை அவ்வளவு உயரத்தை எதிர்பார்த்துக் கட்டியதல்ல. வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அவள் நெற்றி இடிக்கும். பட்டம் வாங்கிய அன்றைக்கும் இடித்தது. குனிந்து வரச் சொல்லி அம்மா அலுத்துப்போய், வாசலிலேயே ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் வைத்துவிட்டாள். அடுத்த ஜூனில் நிரந்தரம், அடுத்த ஜூனில் நிரந்தரம் என்று எட்மண்ட் சொல்லச் சொல்ல, பேச்சி நான்கு மே மாதம் உண்டியல் பிடித்தாள். நான்காவது மே முடிந்து வீட்டுக்கு வந்தபோது இசக்கியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏம்புள்ள, நிலை இடிக்கலையா?”

“குனிஞ்சு வந்தேம்மா.”

“நீ என்னைக்குப் புள்ள குனிஞ்ச?”

இசக்கியம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்தாள். அந்தச் சத்தம் பேச்சிக்கு ஒரு வருடம் காதில் இருந்தது. உயரம் ஒன்றுதான் அவளுக்கு யாரும் கொடுக்காமல், எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாமல் வந்த சொத்து.

அதே சீசனில் படகுத்துறையில் ஒரு குடும்பத்துப் பெரியவர் தபித்தாள் டீச்சரின் தலையைத் தடவி, கையில் ஒரு மிட்டாயைக் கொடுத்து, எந்த வகுப்பு படிக்கிறாய் பாப்பா என்று கேட்டுவிட்டார். டீச்சர் உண்டியலைத் தாளாளர் மேஜைக் காலடியில் கொண்டுவந்து வைத்தார். எட்மண்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், இனிமேல் நன்கொடை வசூலை அதற்கென்றே இருக்கும் ஒரு கோயம்புத்தூர்க் கம்பெனியிடம் விடலாம் என்று அவரே சொன்னார். வசூலில் கால் பங்கு அவர்களுக்கு. கமிட்டி முனகிவிட்டு ஒத்துக்கொண்டது.

கம்பெனி 1986 ஏப்ரல் கடைசியில் ஒரு நீல வேனில் வந்தது. மேலாளர் சில்வஸ்டரும் ஐந்து ஆட்களும். இறங்கியவுடன் அவர்கள் செய்த முதல் காரியம், வேன் கதவில் முதுகை ஒட்டி வரிசையாக நின்று, தலைக்கு மேல் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டது. தண்டவாளப் பள்ளி ஆசிரியர்கள் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். முப்பத்தைந்து வருடமாக ஊர் கண்ணை மூடிக்கொண்ட விஷயத்தை அந்த மனிதர்கள் பட்டப்பகலில் ரோட்டோரத்தில் அளந்துகொண்டிருந்தார்கள்.

“இதையெல்லாம் வெளியில பேசலாமுங்களா?” என்று கேட்டார் டிரில் மாஸ்டர் பொன்ராஜ். அவருக்கு வாலிபால் வலையின் மேல் கயிறு தெரியாமல் போய் ஆறு வருடமாகியிருந்தது.

சில்வஸ்டர் சிரித்தார். “இதுல என்னங்க ரகசியம்? டயர் தேயுது, செருப்பு தேயுது, கேக்கற ஆளும் தேயறான். எல்லா ஸ்கூல்லயும் நடக்கறதுதான். சீசன் முடிஞ்சதும் கம்பெனி திருப்பிக் குடுத்துருமுங்க.”

“எப்படிக் குடுப்பாங்க?” பேச்சி முன்னால் வந்தாள்.

“அனுப்புன ஆளு முன்னால போயி நின்னு, என்ற உயரத்தைக் குடுன்னு கேக்கோணும். அவ்வளவுதான். கேக்காட்டி அதுவா வராதுங்க. எங்க முதலாளி சீசனுக்கு ஒரு அளவு, சீசன் முடிஞ்சா ஒரு அளவுன்னு ரெண்டு செட்டு சட்டை வச்சிருக்காரு.”

“கெஞ்சிக் கேக்கணுமா?”

“கெஞ்சுனா இன்னொரு நெல்லு கொறைஞ்சுருமுங்க டீச்சர்.”

அந்த மே மாதம் ஆசிரியர்கள் வீட்டில் இருந்தார்கள். பொன்ராஜ் மாஸ்டர் தொடர்ந்து நான்கு நாள் தூங்கினார். தபித்தாள் டீச்சர் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக மே மாதத்தில் ஊறுகாய் போட்டார். தோளில் இருந்த ஏதோ ஒன்றை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். கம்பெனிக்காரர்கள் கூச்சப்படவில்லை, மறுத்தவரிடம் அடுத்த வருசம் வாரேனுங்க என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்கள். மூன்று நாள் மெல்லிசை, மேஜிக் ஷோ, முதல் பரிசு சைக்கிள் போட்ட குலுக்கல் சீட்டு. கூரைக்குப் புதுத் தகரம் வந்தது, பெண்பிள்ளைகளுக்குக் கதவு வைத்த கக்கூஸ் வந்தது. கடைசி நாள் சில்வஸ்டர் வேன் கதவில் அளந்து பார்த்து, “ஒண்ணேகால் அங்குலம். பரவால்லை, போயிக் கேட்டுக்கறேன்” என்று சொல்லி, தலைக்குப் பெரிதாகிப்போன தொப்பியைக் கழற்றிக் கையசைத்துவிட்டுப் போனார்.

ஜூன் இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை சுற்றறிக்கை வந்தது. கம்பெனிக்குக் கால் பங்கு போய்விட்டபடியால், அதை ஈடுகட்டச் செப்டம்பரில் வரும் சின்ன சீசனில் ஆசிரியர்கள் வழக்கம்போல் ஒத்துழைக்க வேண்டும். கந்தன் பின்னாலேயே உண்டியல்களைச் சுமந்து வந்து ஆளுக்கொன்று வைத்தார். புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

பேச்சி தன் உண்டியலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தபித்தாள் டீச்சர் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி ஓடிவந்து அவள் முந்தானையைப் பிடித்தார்.

“வேண்டாம் பேச்சி. கேட்டா நிரந்தரம் போயிரும். அஞ்சு வருசம் வீணாப் போயிரும்.”

“அஞ்சு வருசம் போனது போயிருச்சுங்க டீச்சர். மூணரை அங்குலம் இன்னும் அந்த ரூமுலதான் இருக்குது.”

தாழ்வாரத்தைக் கடக்கும் இருபது எட்டுக்குள் அவள் முடிவு செய்துவிட்டாள். உயரம் வந்தாலும் வராவிட்டாலும், நிரந்தரம் கிடைத்தாலும் போனாலும், இந்த உண்டியல் தன் கையோடு வெளியே வராது. உள்ளே போய் உண்டியலை மேஜைமேல் வைத்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்று, கேட்க வேண்டியதைக் கேட்டாள். தயவுசெய்து என்று சொல்லவில்லை. சார் என்று ஒரு தடவை சொன்னாள், அது பழக்கத்தில் வந்தது.

எட்மண்ட் மேலிருந்து வெகுநேரம் பார்த்தார். கீழே பாதையில் ரயில் இழுத்துக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது.

“யார் சொன்னது உங்ககிட்ட?”

“யாரும் சொல்ல வேண்டியதில்லைங்க. எங்க ஊட்டு நிலை சொல்லுச்சு. மூணரை அங்குலம். குடுங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. தர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார், அவ்வளவுதான். அவர் சட்டைக் கை மணிக்கட்டைத் தாண்டி விரல் வரை இறங்கியது. பேச்சியின் புடவைக் கரை தரையை விட்டு எழும்பிக் கணுக்காலில் குளிர் பட்டது. இதற்குச் சத்தம் ஏதும் இல்லை. பாலில் ஆடை படிவதற்கு என்ன சத்தம் உண்டோ அதுதான். எட்மண்ட் தலையை இடது பக்கம் திருப்பினார். பிறகு வலது பக்கம். கழுத்தைப் பிடித்துப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“வலி கொறைஞ்சிருக்கு டீச்சர்” என்றார். “இத்தனை வருசம் ஒருத்தரும் கேக்கலையே.”

“கேக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்காங்க.”

“யாரு?”

முதன்முதலில் சொல்லி வைத்தது யாரென்று பேச்சிக்கும் தெரியவில்லை. தபித்தாள் டீச்சருக்கு அவருக்கு முந்தைய தலைமையாசிரியை சொல்லியிருக்கலாம், அவருக்கு யாரோ. முந்தைய தாளாளரான எட்மண்டின் அப்பாவுக்குச் சவப்பெட்டி செய்தபோது பலகை போதாமல் ஆசாரி தன் வீட்டுக் கதவைக் கழற்றிச் சேர்த்தார் என்பது மட்டும் ஊருக்கே தெரியும்.

“அப்புறம், இந்த உண்டியல்?” என்றார் எட்மண்ட், மெதுவாக.

“அது இங்கயே இருக்கட்டுமுங்க. வேணும்னா நீங்க கொண்டு போங்க. உங்க உயரத்துக்குப் படகுத்துறையில நீங்கதான் எல்லார்த்துக்கும் நல்லாத் தெரிவீங்க.”

எட்மண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அவருக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும், கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். “தபித்தாளம்மாவைக் கொஞ்சம் வரச் சொல்றீங்களா?”

“சொல்றேனுங்க. ஆனா அவங்கதான் கேக்கோணும்.”

நிரந்தரம் என்று அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் காத்திருக்கவில்லை. இரண்டு தடவை உயர்த்திக் கட்டிய அந்த நிலையின் கீழே நிமிர்ந்தபடியே வெளியே வந்து, வராந்தாவில் வேகமாகத் திரும்பினாள். நான்கு வருடமாகக் குனியத் தேவையில்லாமல் கடந்த இடம் என்பதால் நினைவில்லை. தண்டவாளத் துண்டு நெற்றியில் மடேரென்று மோதி, கந்தன் போல்ட்டால் அடிக்கிற மாதிரியே கணீரென்று ஒலித்தது. எட்டு வகுப்புப் பிள்ளைகளும் இடைவேளை என்று கூச்சல் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு ஓடின. யாரும் அவர்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. “பாத்துப் போங்க டீச்சர், மணி தாழ்வு” என்றார் கந்தன், ஆடிக்கொண்டிருந்த தண்டவாளத்தைக் கையால் பிடித்து நிறுத்தியபடி. பேச்சி புடைத்துக்கொண்டு வந்த நெற்றியைத் தேய்த்துவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தை வாசலுக்கு எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடி, மணிக்கு அப்பால் நடந்து போனாள்.