எம்பாமல் எழுத

ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்த கொத்தனாரிடம், "கணக்குப் போடக் கூப்பிட்டா உங்க பொண்ணு எழுந்தே வர மாட்டேங்குறா," என்றார் டீச்சர்.

வீட்டில் கேட்டதற்கு மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "போர்டு எட்டலைப்பா. எம்பி எம்பி எழுதினா எல்லாரும் சிரிக்கிறாங்க."

சுவரிலேயே பூசியிருந்த கரும்பலகை அது. இறக்கிப் பூசித் தருவதாகத் தலைமையாசிரியரிடம் அவர் அனுமதி வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை நாலு பெற்றோர் கூட வந்தார்கள். பழைய பூச்சைக் கொத்தி எடுத்ததும், கொத்தனார் பழக்கதோஷத்தில் தன் கை வாட்டத்துக்குக் கோடு போட்டார்.

கலவை சுமந்து வந்த மனைவி சட்டியை இறக்கினாள். "ஏங்க, மூணாம் வகுப்புல நீங்களா உக்காரப் போறீங்க?"

"முன்னாடி பூசினவனும் இப்படித்தான் பூசியிருப்பான்," என்று கூட வந்த பெற்றோரில் ஒருவரான பெயிண்டர் சிரித்தார்.

கொத்தனார் கோட்டை அழித்துவிட்டு, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மகளைச் சுவரோரம் நிறுத்தினார். "கையை நீட்டு கண்ணு. எம்பக் கூடாது."

அவள் விரல்நுனி தொட்ட இடம் மேல்விளிம்பு ஆனது.

"டீச்சர் குனியணுமேப்பா!"

"குனியட்டும். நாம குனியாத குனியா?"

பூச்சு காய்ந்து கறுப்பு அடித்த மறுநாள், வேலை முடிந்து வந்த கொத்தனார் கால் கழுவும்போதே மகள் ஓடிவந்தாள்.

"கணக்கு தப்பாயிடுச்சுப்பா!" முகமெல்லாம் சிரிப்பு. "நானே அழிச்சிட்டு மறுபடியும் போட்டேன்."